கதாநாயகியைப் பிழைக்க வைத்ததற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபது வயது நடக்கும்போது, மெட்ராசில் இருந்த ஒரு பத்திரிகைக் கம்பெனி எங்கள் ஊருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர்கள் சாகடித்த ஒரு பெண்ணை நாங்கள் பிழைக்க வைத்துவிட்டோம் என்பதுதான் எங்கள்மேல் குற்றம். பிழைக்க வைத்தது ஊர் இல்லை, நான்தான். அது அப்போது ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

எங்கள் தோட்டம் கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம். கோயமுத்தூர் பஸ் வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டி வந்தால்தான் எங்களுக்கு வாரப் பத்திரிகை. வியாழக்கிழமை மதியம் டீக்கடையில் இறங்கும். மூன்று மணிக்கெல்லாம் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், என் கைக்கு வந்துவிடும். விதைக்கடலை உரிக்கும் நாட்களில் அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பார்கள். நான் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் நடுவில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்க வாசிப்பேன். வாசிக்கிறவள் உரிக்க வேண்டாம் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். சோம்பேறித்தனத்துக்கு அவ்வளவு கௌரவமான காரணம் எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததே இல்லை.

அந்தத் தொடர்கதையின் கதாநாயகி ஒரு டெலிபோன் ஆபரேட்டர். ஏழைப் பெண், நல்ல குரல். ஒரு பணக்காரன் அந்தக் குரலில் மயங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவன் வீட்டில் எதிர்த்ததும் பின்வாங்குகிறான். ஏறக்குறைய ஒரு வருடம் இதை இழுத்துவிட்டு, கடைசி வாரத்தில் அவளை அணைக்கட்டுக்கு நடக்க வைத்து, படி படியாக இறக்கி, தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு, கீழே ‘முற்றும்’ போட்டுவிட்டார்கள்.

நான் வாசித்து முடித்தேன். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மடியில் இருந்த கடலையைக் கொட்டிவிட்டு எழுந்தார். பக்கத்துத் தோட்டத்தில் தனியாக விவசாயம் பார்த்தவர், கோபத்தில் ஊருக்கே முதல் ஆள்.

“அந்தப் பேமானிக்கோசரம் அவ எதுக்குச் சாவோணும்? ஆருடீ இதை எழுதுனவன்? அவனை எங்கூட்டுக் கெணத்துல எறங்கச் சொல்லு, பாப்போம்!”

அன்றைக்கு ஒருவரும் அதற்குமேல் உரிக்கவில்லை. விதைக்கடலை அரை மூட்டை அப்படியே கிடந்தது. எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வருடமாக என் வாயால் பேசியவள் அவள். கடைசியில் என் வாயாலேயே அவளைச் சாகடிக்கச் சொன்னது எனக்கு அநியாயமாகப் பட்டது. மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வேறு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

என் நோட்டில் அவள் அணைக்கட்டுப் படியில் இடுப்பளவுக்கு இறங்குவாள். தண்ணீர் குளிரும். ‘இந்தக் குளிரில் எவன் சாவான்?’ என்று திரும்பி ஏறுவாள். புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு அடுத்த ஷிப்ட்டுக்கு வேலைக்குப் போவாள். அவன் மனம் மாறி டிரங்க் கால் போடுவான். அவள் அதே நல்ல குரலில், ‘லைன் கிடைக்கவில்லை, காத்திருங்கள்’ என்பாள். பதினாறு பக்கத்துக்கு அவன் காத்திருப்பான். அடுத்த வியாழக்கிழமை இதை வாசித்தபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் வேலியோரம் கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்துக்கொண்டது. மீதி அரை மூட்டையும் அன்றே உரித்தாகிவிட்டது.

அத்தை சும்மா இருக்கமாட்டாரே. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு என்ன நாடகம் போடலாம் என்று வாயனசாலை என்கிற படிப்பகத்துப் பையன்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. என் அண்ணன்தான் அவர்களுக்குச் செயலாளர். நோட்டைக் கேட்டான். முன்கதையையும் சேர்த்து மூன்று அங்கமாக எழுதிக் கொடுத்தேன். நாடக நோட்டீசில் ‘நாடகமாக்கம்’ என்ற இடத்தில் அவன் பெயர் வந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயரைச் சுவரில் ஒட்டுவார்களா என்று அம்மா கேட்டார். நோம்பி முடிந்ததும் பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, வேறு வழி இல்லை. உள்ளுக்குள் எரிந்தது. என் பெயர் போனால் போகட்டும், அவள் படி ஏறி வருவதை ஊர் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டேன்.

கதாநாயகி வேடம் டீக்கடைக்காரருக்கு. குரல் நன்றாக இருக்கும். ஆனால் மீசையும் நன்றாக இருக்கும். நாடகத்தன்று காலையில்தான் எடுப்பேன், அதற்கு முன் கேட்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். ஒத்திகையில் அந்த மீசையோடுதான் அவர் அழுவார்.

இதெல்லாம் சத்தமில்லாமல் நடந்திருந்தால் மெட்ராசுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தெரிய வைத்தது என் அப்பா. எங்கள் வீட்டில் அவரை அய்யன் என்போம். எங்கள் பக்கத்தில் உரிமைப்பட்டவருக்குச் சொல்லாமல் ஒரு விசேஷம் நடத்துவதைப்போல் அவமானம் வேறு இல்லை. காதுகுத்துக்கு அழைக்க மறந்தார்கள் என்று என் சித்தப்பா ஒருவர் பதினொரு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்தக் காயம் அய்யனுக்கு ஆறவே இல்லை. நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று அண்ணனைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, இந்தக் கதை ஆரோடது?”

“பத்திரிகைக்காரங்களோடதுங்கய்யா.”

“அவியளுக்குச் சொல்லியாச்சா?”

“அவிய மெட்ராசுல இருக்கறாங்க. அவியளுக்கு எதுக்குங்க?”

“அடுத்தவன் ஊட்டுப் புள்ளையக் கூட்டியாந்து மேடையேத்தறோம். ஒரு வார்த்தை சொல்லாம ஏத்துனா அதென்ன நாயம்?”

அதற்குமேல் அவரிடம் யாரால் பேச முடியும்? அய்யன் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். தங்கள் கதையை எங்கள் ஊர் நோம்பிக்கு நாடகமாகப் போடுகிறோம், கதாநாயகியைக் கடைசியில் பிழைக்க வைத்திருக்கிறோம், தாங்கள் குடும்பத்துடன் வந்து முன்வரிசையில் அமர்ந்து சிறப்பிக்க வேண்டும் என்று. கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம். நோட்டீசும் குங்குமமும் ஒரு படி நிலக்கடலையும் சேர்த்துக் கட்டி, ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்பினோம். திருடிய வீட்டுக்கே போய் விலாசம் கொடுத்துவிட்டு வந்தது மாதிரிதான். அப்போது எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

பதில் வந்தது. தடித்த காகிதம், டைப் அடித்த இங்கிலீஷ், மூன்று பக்கம். அய்யன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “வாராங்களாட்ட இருக்குது. முன்னால ரெண்டு நாற்காலி எச்சாப் போடுங்க” என்றார். அண்ணனும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் ஓடினோம். ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளி, நல்ல மனுஷன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் நீண்டது.

“வரும். பட்சே சிறப்பிக்கான் அல்ல” என்றார். வருவார்கள், ஆனால் சிறப்பிக்க இல்லை என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். கதை கம்பெனியின் சொத்து. அனுமதி இல்லாமல் நாடகம் போடக்கூடாது. எழுதிய பிரதி அத்தனையும் ஒப்படைக்க வேண்டும். எழுதின ஆள் இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்காகக் கோயமுத்தூர் கிளையிலிருந்து ஓர் ஆள் நோம்பியன்று நேரில் வருவார். ஒத்துக்கொள்ளாவிட்டால் போலீஸ், கேஸ்.

டீக்கடையில் அன்று பெரிய மாநாடு. பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: மெட்ராஸ் சட்டம் செக்போஸ்டோடு நின்றுபோகும், கேரளாவுக்குள் வராது. அரிசி மூட்டையையே நிறுத்துகிறவர்கள் ஒரு வக்கீல் நோட்டீசை விட்டுவிடுவார்களா என்று ஒருவன் கேட்டான். இது இந்தியா முழுக்க உள்ள சட்டம் என்று போஸ்ட் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். அவர் அரசாங்க ஆள், அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம். “நாடகம் உண்டா இல்லையான்னு தெரியாம நான் மீசைய எடுக்கமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்” என்றார்.

அண்ணனுக்கு வேறு கவலை. அவன் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி லிஸ்டில் பெயர் வந்து, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் நின்று, “அம்மிணி, கேஸு கீஸுன்னு வந்தா என்ற வேலை போச்சு. நான் எழுதலைன்னு சொல்லீருவேன். நீயும் வாயத் தொறக்காதே. ஆருன்னே தெரியாதுன்னு சொல்லி நாடகத்தை நிறுத்தீரலாம்” என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் பயமும் நிஜம். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மறுபடியும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நோம்பியன்று காலை பஸ்ஸில் கம்பெனிக்காரர் வந்து இறங்கினார். ஜீப்பும் போலீசுமாக எதிர்பார்த்த ஊருக்கு, கக்கத்தில் குடையும் கையில் ரெக்சின் பையுமாக ஒல்லியாக ஒருவர். அய்யனுக்கு வக்கீல் நோட்டீசில் இருந்ததை அண்ணன் முழுசாகவே சொல்லியிருந்தான். ஆனால் அழைத்தோம், வந்துவிட்டார், அவ்வளவுதான் அய்யன் கணக்கு. மேளத்தை அனுப்பிப் பஸ் நிறுத்தத்திலேயே மாலை போட்டார். அந்த மனிதர், “ஏனுங்க, நான் நிறுத்தறதுக்கு வந்திருக்கறனுங்க” என்று மாலைக்குள்ளிருந்து சொன்னார். “இருக்கட்டுமுங்க. மொதல்ல கை கழுவுங்க” என்று அய்யன் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். விருந்தாக வந்த ஒறம்பரை சாப்பிடாமல் விஷயம் பேசினால் அய்யனுக்குப் பொறுக்காது. பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டும் நெய்யும் ஓடிக்கொண்டே இருந்தன. வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தவரின் விரல் இடுக்கு வழியாக அத்தை நெய் ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் உட்கார்ந்ததும் பையைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். கார்பன் வைத்து எழுதிய நான்கு பிரதிகளும் என் நோட்டும் அவர் முன்னால் வைக்கப்பட்டன. முழுதும் படித்தார். மூன்றாம் அங்கத்தில் அவர் தோள் ஒரு முறை குலுங்கியதைக் கதவு இடுக்கு வழியாக நான் பார்த்தேன். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. பிறகு தலையைத் தூக்கி, “எழுதுனது ஆருங்க?” என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தான். “நான் இல்லீங்க” என்றான்.

“நோட்டீசுல உங்க பேருதானுங்களே இருக்குது?”

“பேரு மட்டுந்தானுங்க.”

“எழுதுன ஆளு கையெழுத்து இல்லாம நான் போக முடியாதுங்க. ஆருன்னே தெரியலைன்னா ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கச் சொல்லித்தான் உத்தரவு. நோம்பியும் அதுவுமா எனக்கு அது வேண்டாமுங்க.”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். யோசித்து வந்தேன் என்று சொன்னால் பொய். அவள் படி ஏறிய மாதிரியே, ஒன்றும் யோசிக்காமல்தான் வந்தேன்.

“நானுங்க” என்றேன்.

அம்மா உள்ளே எதையோ கீழே போட்டார். அய்யன் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்திலிருந்து அன்று பொழுது சாயும் வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாடகமே நடக்காவிட்டாலும் தாங்கியிருப்பேன். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பெனிக்காரர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் நோட்டைப் புரட்டி, இரண்டாம் அங்கத்தின் முடிவில், அணைக்கட்டுப் படியில் அவள் கால் வைக்கும் இடத்தில், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

“அம்மிணி, இது வரைக்கும் எங்களோடது. இதுல ஒரு வார்த்தை மேடையில பேசக்கூடாது. இதுக்குக் கீழ இருக்கறது எங்க கதையில இல்லவே இல்லீங்களே. அவதான் எங்க கதையில செத்துப்போயிட்டாளே. பேரையும் ஊரையும் மாத்திப் போட்டுக்குங்க. வக்கீலைக் கேட்டா இதுக்கும் ஏதாச்சும் சொல்லுவாரு. நான் அவரைக் கேக்கப்போறதில்லைங்க. ஆனா நான் முன்னால உக்காந்து பாப்பேன். எங்களோடது ஒண்ணு வந்தாலும் நிறுத்தீருவேன். முடிஞ்சதுக்கப்பறம் காகிதம் எழுதிக்கலாமுங்க.”

அண்ணன் டீக்கடைக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் ஊரில் செய்தி பரவியது: மீசை போய்விட்டது, நாடகம் உண்டு.

ராத்திரி சாமி ஊர்வலத்துக்குப் பெட்ரோமாக்ஸ் எல்லாம் போய்விடும் என்பதால் நாடகத்தை நாலு மணிக்கே வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர் முன்வரிசையில், கம்பெனி முதலாளிக்காகப் போட்ட நாற்காலியில், மடியில் என் நோட்டையும் கையில் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் மேடைக்கு வந்து, “இதுக்கு முன்னால என்ன நடந்துதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்” என்றான். “தெரியும்!” என்று கூட்டம் கத்தியது. இரண்டு அங்கம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. எந்தச் சட்டத்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது.

திரை விலகியதும் டீக்கடைக்காரர் நனைந்த புடவையோடு படி ஏறி வந்தார். நிஜமாகவே ஒரு குடம் தண்ணீரை அவர்மேல் ஊற்றியிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் அவர் வசனத்தை இரண்டு முறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. நடுவில் பணக்காரன் வேடக்காரன் ஆர்வத்தில் கதாநாயகியின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். கம்பெனிக்காரர் குனிந்து பென்சிலைத் தேடத் தொடங்கினார். பென்சில் அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் டிரங்க் கால் வந்து, ‘லைன் கிடைக்கவில்லை, காத்திருங்கள்’ என்றதும் அத்தை எழுந்து நின்று, “அப்படிப் போடு அம்மிணி! விடியற வரைக்கும் நிக்கட்டும்!” என்று கத்தினார். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். அய்யன் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆறரை பஸ்ஸுக்குக் கம்பெனிக்காரர் போக வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுக் காகிதத்தை எடுத்தார். அச்சடித்த படிவம், நடுநடுவே நிரப்ப இடம் விட்டிருந்தது. நாடகத்தை எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டு எழுதினார். தகப்பனார் பெயரை எழுதினார். வயதை எழுதினார்.

“தொழிலுங்க?” என்றார்.

“ஊட்டு வேலைன்னு போட்டுக்குங்க” என்றான் அண்ணன். பேனா தாளுக்குப் போனது.

“இருங்க” என்றார் அய்யன். பின்னால் நின்றிருந்தார். “இதுல பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதுக்கு ஒரு நோட்டீஸ் வருமுங்களா?”

“வரலாமுங்க” என்றார் கம்பெனிக்காரர்.

“அப்ப நெசத்தையே போடுங்க. கதை எழுதறவ.”

“அய்யா, பொள்ளாச்சிக்காரங்க காதுக்குப் போனா…” என்று அண்ணன் இழுத்தான்.

“அவியளுக்கும் இதையேதான் சொல்லப்போறேன். பெரிய கம்பெனியே ஆளு அனுப்பிக் கேட்டுட்டுப் போகுது, நாம எதுக்கு மறைக்கோணும்?” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “போடு கண்ணு” என்றார்.

கம்பெனிக்காரர் அந்த இடத்தில் ‘கதை எழுதுபவர்’ என்று எழுதி, மை காயும் வரை ஊதி, என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குக் கண் மறைத்தது. கோடு எங்கே இருக்கிறதென்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.